ஹெல்தி என்கிறது டாக்கர், உள்ளே உலகம் உறைந்து நிற்கிறது: கேம் சர்வரின் உடல்நிலையை எங்கிருந்து பார்ப்பது?

மன்னார்குடியில் ஒரு வீடு என்று வைத்துக்கொள்வோம். மாடி அறையில் பழைய கணினி ஒன்று இராப்பகலாக ஓடுகிறது. அதில் டாக்கர் (நிரல்களைத் தனித்தனி வேலிக்குள் வைத்து ஓட்டும் மென்பொருள்) ஓட்டும் கன்டெய்னர் ஒன்றுக்குள், மைன்கிராஃப்ட் என்ற கட்டுமான விளையாட்டின் ஜாவா பதிப்புக்கான சர்வர். திருவாரூரில் இரண்டு பேர், கும்பகோணத்தில் நான்கு பேர், வேலைக்காகச் சென்னை போய்விட்ட ஒருவர் என்று பள்ளித் தோழர்கள் சேர்ந்து அதில் ஓர் ஊரையே கட்டிக்கொண்டிருக்கிறார்கள். சனிக்கிழமை இரவு பத்தரை மணிக்கு எல்லோரிடமிருந்தும் ஒரே புகார்: உடைத்த கல் திரும்ப முளைக்கிறது, கதவு திறக்கவில்லை, நடந்துபோனவர் பத்தடி பின்னால் இழுக்கப்படுகிறார். சர்வரை நடத்துபவர் டாக்கரின் பட்டியலைப் பார்க்கிறார். மூன்று நாளாக ஓடுகிறது, நிலை ஹெல்தி என்று இருக்கிறது.

டாக்கர் பொய் சொல்லவில்லை. அதனிடம் என்ன கேட்டு வைத்தோமோ அதற்குத்தான் பதில் சொல்கிறது. கேட்ட கேள்வி விளையாடுகிறவரின் அனுபவத்திலிருந்து வெகு தூரத்தில் இருக்கிறது, அவ்வளவுதான். இந்தத் தூரத்தைப் புரிந்துகொள்ள டெல்டாக்காரர்களுக்குப் புதிதாக எதுவும் வேண்டியதில்லை. மேட்டூரில் நீர்மட்டம் 120 அடி என்பது ஒரு செய்தி. கல்லணையில் ஷட்டர் தூக்கியாயிற்று என்பது இன்னொரு செய்தி. தலைஞாயிறு பக்கத்து வயலில் தண்ணீர் ஏறியதா என்பது மூன்றாவது செய்தி. முதல் இரண்டும் உண்மையாக இருந்தும் மூன்றாவது நடக்காமல் போகலாம் என்பது கடைமடையில் பயிர் வைக்கிற எவருக்கும் தெரியும்.

கன்டெய்னருக்கு ‘ஓடுகிறது’ என்றால் என்ன?

கன்டெய்னர் தனிக் கணினி அல்ல, கணினிக்குள் இருக்கும் போலிக் கணினியும் அல்ல. லினக்ஸ் இயங்குதளத்தின் மையமான கர்னல் ஒரு நிரலைச் சுற்றி வேலி போட்டு, ‘உனக்குத் தெரியும் கோப்புகள் இவை, நெட்வொர்க் இது, ரேமும் சிபியுவும் இவ்வளவு’ என்று வரையறுத்துவிடுகிறது. அந்த வேலிக்குள் முதலில் கிளம்பும் நிரலுக்கு எண் 1. அது உயிரோடு இருக்கும்வரை கன்டெய்னர் ஓடுகிறது. அது முடிந்தால் கன்டெய்னரும் முடிந்தது. பட்டியலில் தெரியும் ‘மூன்று நாளாக ஓடுகிறது’ என்பதற்கு இதற்கு மேல் பொருள் கிடையாது. நிரல் எங்கோ முடிச்சு விழுந்து, எந்த வேலையும் செய்யாமல், ஆனால் முடியவும் செய்யாமல் நின்றாலும் அந்த வரி மாறாது.

இந்தக் குறையை ஈடுகட்டத்தான் 2016-இல் டாக்கர் 1.12 பதிப்பில் ஹெல்த் செக் என்ற வசதி வந்தது. நாம் ஒரு கட்டளையை எழுதிவைக்கிறோம். டாக்கர் அதைக் குறிப்பிட்ட இடைவெளியில் கன்டெய்னருக்குள்ளேயே ஓட்டுகிறது. கட்டளை 0 என்ற எண்ணோடு முடிந்தால் நலம். 1 என்றால் நலமில்லை. இதிலிருந்து ஸ்டார்ட்டிங், ஹெல்தி, அன்ஹெல்தி என்ற மூன்று நிலைகள் பிறக்கின்றன. அந்தக் கட்டளை எதைத் தொட்டுப் பார்க்கிறது என்பதில்தான் எல்லாம் அடங்கியிருக்கிறது.

தலைமடை முதல் கடைமடை வரை

கேம் சர்வரின் நலத்தை ஐந்து இடங்களில் நின்று பார்க்கலாம். மேலிருந்து கீழே போகப் போக, விளையாடுகிறவருக்கு நெருக்கமாகிறோம்.

1. நிரல் உயிரோடு இருக்கிறதா? மேலே பார்த்தோம். தேவையான கேள்வி, போதாத கேள்வி.

2. போர்ட் திறந்திருக்கிறதா? போர்ட் என்பது கணினிக்குள் இணைப்புகள் வரும் எண்ணிட்ட வாசல். மைன்கிராஃப்ட் ஜாவா பதிப்பு, டிசிபி என்ற இணைப்பு முறையில் 25565-ஆம் வாசலில் காத்திருக்கும். அதில் ஓர் இணைப்பு கிடைத்தால் நலம் என்று எழுதிவைப்பவர்கள் ஏராளம். இங்கே ஒரு பள்ளம் இருக்கிறது. டிசிபி இணைப்பின் ஆரம்பக் கைகுலுக்கலைச் செய்வது விளையாட்டு நிரல் அல்ல, கர்னல். நிரல் உறைந்து கிடந்தாலும், வரிசையில் இடம் இருக்கும்வரை கர்னல் வந்தவரை வரவேற்று உட்கார வைத்துவிடும். வீட்டுக்காரர் மயங்கிக் கிடக்க, வாசல்கதவு மட்டும் திறந்திருப்பதைப் போல.

3. விளையாட்டின் சொந்த மொழியில் பதில் வருகிறதா? மைன்கிராஃப்டில் சர்வர் பட்டியலைத் திறந்தவுடன், பதிப்பு எண், வரவேற்பு வாசகம், எத்தனை பேர் உள்ளே இருக்கிறார்கள் என்பதெல்லாம் தெரிகிறதே, அதற்கென்று ஒரு கேள்வி-பதில் முறை உண்டு. அதை அனுப்பிப் பார்ப்பது இரண்டாவதைவிடப் பல படி மேல். மைன்கிராஃப்ட் சர்வருக்குப் பரவலாகப் பயன்படும் டாக்கர் இமேஜ் (கன்டெய்னரைக் கிளப்பத் தயாராக வரும் பொதி) ஒன்றில் இந்தச் சோதனை உள்ளேயே பொருத்தப்பட்டு வருகிறது.

4. உலகம் நகர்கிறதா? இதுதான் மையக் கேள்வி. தனியாகப் பார்ப்போம்.

5. வெளியே, விளையாடுகிறவர் இருக்கும் இடத்திலிருந்து பார்த்தால் எல்லாம் நலமா? கன்டெய்னருக்குள் நின்று எவ்வளவு நுட்பமாகச் சோதித்தாலும் இதற்கு விடை கிடைக்காது.

பதில் சொல்பவர் ஒருவர், உலகை நகர்த்துபவர் வேறொருவர்

மைன்கிராஃப்ட் சர்வரின் காலம் ‘டிக்’ என்ற சிறு துண்டுகளாக ஓடுகிறது. வினாடிக்கு 20 டிக், ஒரு டிக்குக்கு 50 மில்லிவினாடி. அந்த 50 மில்லிவினாடிக்குள் ஆடுமாடுகள் நடக்க வேண்டும், தண்ணீர் பரவ வேண்டும், பயிர் வளர வேண்டும், ஒவ்வொருவரும் உடைத்ததும் வைத்ததும் கணக்கில் ஏற வேண்டும். வேலை சீக்கிரம் முடிந்தால் மீதி நேரம் ஓய்வு. 80 மில்லிவினாடி பிடித்தால் அடுத்த டிக் தாமதம், அதற்கடுத்ததும் தாமதம். 2 வினாடிக்கு மேல் பின்தங்கினால், ஈடுகொடுக்க முடியவில்லை என்று லாகில், அதாவது சர்வரின் பதிவேட்டில், ஒரு வரி விழும். ‘லேக் அடிக்குது’ என்று விளையாடுகிறவர்கள் சொல்வதற்கு இணையமும் காரணமாகலாம். ஆனால் எல்லோருக்கும் ஒரே நொடியில் அடித்தால் முதலில் சந்தேகிக்க வேண்டியது டிக்கைத்தான்.

ஒரு நிரலுக்குள் தனித்தனியாக ஓடும் வேலைச் சரடுகளுக்கு த்ரெட் என்று பெயர். டிக்கை நகர்த்தும் வேலை முழுவதும் பிரதான த்ரெட் ஒன்றின் தோளில் இருக்கிறது. சர்வர் பட்டியலுக்குப் பதில் சொல்லும் வேலை நெட்வொர்க்கைக் கவனிக்கும் வேறொரு த்ரெட்டிடம் இருக்கிறது. பிரதான த்ரெட் அவ்வப்போது எழுதிவைத்துப் போன தகவலை இது எடுத்து நீட்டும். எனவே பிரதான த்ரெட் உறைந்துவிட்ட பின்பும், ‘7 பேர் உள்ளே இருக்கிறார்கள்’ என்ற பழைய கணக்கு வெளியே போய்க்கொண்டிருக்கும். மூன்றாவது இடத்தில் நின்று பார்த்த ஹெல்த் செக் அதைப் பார்த்துத் திருப்தியாகிவிடும். மன்னார்குடி வீட்டின் சனிக்கிழமை இரவுக்கு விடை இதுதான்.

அப்படியானால் பிரதான த்ரெட்டையே பதில் சொல்ல வைக்க வேண்டும். அதற்குக் கையில் இருக்கும் எளிய வழி, ஆர்கான் எனப்படும் தொலைக்கட்டளை வசதி. வழக்கமாக டிசிபி 25575. அதன் வழியே வரும் கட்டளை பிரதான த்ரெட்டின் வரிசையில் நின்றுதான் நிறைவேறும். உள்ளே யார் இருக்கிறார்கள் என்று கேட்கும் ‘லிஸ்ட்’ கட்டளையை அனுப்பிப் பதில் வந்தால், உலகை நகர்த்துபவர் விழித்திருக்கிறார் என்று பொருள். 2023 டிசம்பரில் வந்த 1.20.3 பதிப்பு முதல் ‘டிக் க்வெரி’ என்றொரு கட்டளையும் உண்டு. ஒரு டிக்குக்குச் சராசரியாக எத்தனை மில்லிவினாடி பிடிக்கிறது என்பதை அதுவே சொல்லிவிடும். ஹெல்த் செக் என்று ஒன்றே ஒன்றுதான் வைக்க முடியும் என்றால் ஆர்கான் வழிச் சோதனையைத்தான் வைக்க வேண்டும் என்பது என் தீர்மானமான கருத்து.

இதில் கவனிக்க வேண்டியவை இரண்டு. ஆர்கான் வழியே போகும் கடவுச்சொல்லுக்கு மறையாக்கம் எதுவும் கிடையாது. ஆகவே அந்தப் போர்ட்டைக் கன்டெய்னருக்கு வெளியே திறந்துவிடவே கூடாது. ஹெல்த் செக் உள்ளிருந்துதான் ஓடுகிறது என்பதால் திறக்க வேண்டிய தேவையும் இல்லை. இரண்டாவது, புதிய பதிப்புகளில் யாருமே உள்ளே இல்லாவிட்டால் சிறிது நேரத்தில் சர்வர் தானாகவே உலகை நிறுத்திவைக்கிறது. நள்ளிரவில் ஆளில்லாத உலகம் நின்றிருப்பதைப் பார்த்து நோய் என்று முடிவு கட்டிவிடக் கூடாது.

நான்கு எண்கள்

டாக்கர் ஹெல்த் செக்கை முக்கியமாக நான்கு எண்கள் ஆள்கின்றன. நாம் எதுவும் சொல்லாவிட்டால்:

1. இடைவெளி 30 வினாடி.
2. ஒரு சோதனைக்குக் காத்திருக்கும் அதிகபட்ச நேரம் 30 வினாடி.
3. அன்ஹெல்தி என்று முடிவுகட்டத் தொடர்ச்சியாகத் தோற்க வேண்டிய தடவை 3.
4. தொடக்கச் சலுகைக் காலம் 0.

இரண்டாவது எண் பலர் கண்ணில் படுவதில்லை. ஒவ்வொரு டிக்கும் 20 வினாடி பிடிக்கும் அளவுக்குச் சர்வர் திணறினாலும், ஆர்கான் பதில் 30 வினாடிக்குள் வந்து சேர்ந்துவிட்டால் அது வெற்றி என்றே பதிவாகும். விளையாட்டுக்கு இது பொருந்தாது. 5 வினாடி என்று குறைப்பது நல்லது. ஓரிரு வினாடித் திணறல் எந்தச் சர்வருக்கும் வரும்; அதற்குத்தான் மூன்று தடவை என்ற பொறுமை இருக்கிறது.

நான்காவது எண்தான் அதிகச் சேதம் செய்வது. பழைய கணினியில் கூடுதல் மாட்கள் (விளையாட்டை மாற்றியமைக்கும் துணை நிரல்கள்) சேர்த்த மைன்கிராஃப்ட் கிளம்பி நிற்க ஐந்து நிமிடம்கூட ஆகலாம். சலுகைக் காலம் 0 என்றால் 30, 60, 90-ஆம் வினாடிகளில் மூன்று தோல்வி பதிவாகி, உலகம் திறக்கும் முன்பே அன்ஹெல்தி முத்திரை விழுந்துவிடும். அந்த முத்திரையைப் பார்த்து ரீஸ்டார்ட் செய்யும் ஏற்பாடும் சேர்ந்திருந்தால், சர்வர் ஒருநாளும் எழுந்து நிற்காது. 2022-இல் மேட்டூரை மே 24 அன்று திறந்தார்கள். கல்லணையைத் திறந்தது மே 27 அன்று. முதல் நாள் மாலையே ‘தஞ்சாவூருக்குத் தண்ணீர் வரவில்லை, ஷட்டரை இறக்கு’ என்று யாரும் சொல்லவில்லை. தண்ணீர் நடந்துவர ஆகும் காலத்தை முன்பே கணக்கில் வைத்திருந்தார்கள். சர்வர் வழக்கமாகக் கிளம்ப ஆகும் நேரத்தை இரண்டு மூன்று தடவை அளந்து, அதன் இரட்டிப்பைச் சலுகைக் காலமாக வைத்தால் இந்தச் சுழலில் சிக்க வேண்டியதில்லை.

அன்ஹெல்தி ஆனபின் என்ன நடக்கும்?

தனியாக ஓடும் டாக்கரில் எதுவும் நடக்காது. இது பெரும்பாலானவர்களை ஏமாற்றும் இடம். ரீஸ்டார்ட் கொள்கை என்று எழுதிவைக்கிறோமே, அது நிரல் முடிந்துபோனால் மட்டும் திரும்பக் கிளப்பும். அன்ஹெல்தி முத்திரையை அது பார்ப்பதே இல்லை. டாக்கர் ஸ்வார்ம் என்ற கூட்டு ஏற்பாட்டில் மட்டும் நலமில்லாத கன்டெய்னர் நீக்கப்பட்டு வேறொன்று வைக்கப்படும்.

இதைக் குறை என்று நினைத்து, அன்ஹெல்தி ஆனதும் ரீஸ்டார்ட் அடிக்கும் துணைக் கருவிகளைப் பலர் சேர்க்கிறார்கள். நான் சற்றுத் தயங்கச் சொல்வேன். வலைத்தளம் ஒன்றை ரீஸ்டார்ட் செய்தால் பார்ப்பவர் பக்கத்தை இன்னொரு முறை திறப்பார், அவ்வளவுதான். கேம் சர்வர் அப்படியல்ல. உள்ளே இருக்கும் அத்தனை பேரும் வெளியே தள்ளப்படுவார்கள். உலகம் நினைவகத்தில்தான் ஓடிக்கொண்டிருக்கிறது. வட்டில் கடைசியாகச் சேமித்தபின் கட்டிய சுவரும் தோண்டிய சுரங்கமும் போய்விடலாம்.

சேமிப்பைப் பொறுத்தவரை எப்படி நிறுத்துகிறோம் என்பதும் முக்கியம். டாக்கரிடம் நிறுத்தச் சொன்னால் அது எண் 1 நிரலுக்கு முதலில் பணிவான ஒரு சமிக்ஞை அனுப்பும். மைன்கிராஃப்ட் அதைப் பெற்று உலகைச் சேமிக்கத் தொடங்கும். 10 வினாடிக்குள் முடிக்காவிட்டால் டாக்கர் பலவந்தமாகக் கொன்றுவிடும். பெரிய உலகத்துக்குப் பழைய வட்டில் 10 வினாடி போதாது. இந்த அவகாசத்தை 60 வினாடியாக உயர்த்திவைப்பதில் நஷ்டம் ஏதுமில்லை. எண் 1 இடத்தில் சர்வருக்குப் பதில், அதைக் கிளப்பிய ஷெல் ஸ்கிரிப்ட் என்ற கட்டளைக் கோப்பு உட்கார்ந்திருந்து, சமிக்ஞையை உள்ளே கடத்தாமல் விழுங்கிவிடுவதும் அடிக்கடி நடக்கிறது. அப்போது எவ்வளவு அவகாசம் கொடுத்தும் பயனில்லை.

உறைந்த நிலைக்கு மைன்கிராஃப்டுக்குள்ளேயே ஒரு காவல்காரர் இருக்கிறார். அமைப்புக் கோப்பில் ‘மேக்ஸ்-டிக்-டைம்’ என்ற வரியின் இயல்பு மதிப்பு 60000. ஒரே டிக் 60 வினாடியைத் தாண்டினால் சர்வர் தன்னைத்தானே முடித்துக்கொண்டு, என்ன நடந்தது என்ற அறிக்கையையும் எழுதிவைக்கும். நிரல் முடிந்துவிட்டதால் ரீஸ்டார்ட் கொள்கை இப்போது வேலை செய்யும். எங்கோ படித்த ஆலோசனையை நம்பி அந்த எண்ணை -1 ஆக மாற்றியவர்கள் காவல்காரரைத் தாங்களே வீட்டுக்கு அனுப்பியிருக்கிறார்கள். அவர்களுடைய சர்வர்தான் விடியவிடிய உறைந்து நிற்கும்.

நோய் பெரும்பாலும் இரண்டு இடங்களில்

முதலாவது ரேம். கன்டெய்னருக்கு 4 ஜிபி உச்சவரம்பு, ஜாவாவின் ஹீப்புக்கும் (நிரல் தன் தரவுகளை வைக்கும் நினைவகப் பகுதி) அதே 4 ஜிபி என்று வைப்பது வழக்கமான தவறு. ஹீப்புக்கு வெளியேயும் ஜாவாவுக்கு இடம் வேண்டும்: த்ரெட்கள், நிரல் வகுப்புகளின் விவரம், நெட்வொர்க்குக்கான தாங்கிகள். மொத்தம் 4 ஜிபியைத் தாண்டிய நொடியில் கர்னல் நிரலைக் கொன்றுவிடும். லாகில் எந்தப் பிழையும் இருக்காது. பேச்சு நடுவே நின்றதுபோல வரி அறுந்திருக்கும். முடிவு எண் 137 என்று தெரியும்: 128-உடன் பலவந்தக் கொலைச் சமிக்ஞையின் எண்ணான 9. மேலே சொன்ன 10 வினாடிக் கொலைக்கும் இதே 137 தான் வரும் என்பதால், டாக்கர் இன்ஸ்பெக்ட் காட்டும் விவரத்தில் ‘ஓஓஎம் கில்ட்’ (நினைவகம் போதாமல் கொல்லப்பட்டது) என்ற வரி உண்மை என்று இருக்கிறதா என்பதையும் பார்த்துத்தான் முடிவுக்கு வர வேண்டும். 4 ஜிபி கன்டெய்னரில் ஹீப்புக்கு 3 ஜிபி என்பது நல்ல தொடக்கம்.

இரண்டாவது சிபியு. இதைக் கண்டுபிடிக்கத்தான் பலருக்கு மாதக்கணக்கில் ஆகிறது. கன்டெய்னருக்கு ஒரு சிபியு என்று வரம்பு வைத்தால், கர்னல் அதை முறை வைத்துப் பங்கிடுகிறது. ஒவ்வொரு 100 மில்லிவினாடி முறையிலும் இந்தக் கன்டெய்னருக்கு 100 மில்லிவினாடி சிபியு நேரம். நான்கு கோர் உள்ள கணினியில் ஜாவா தன் குப்பை அள்ளும் வேலைக்கு, அதாவது பயன்படாத நினைவகத்தை விடுவிக்கும் வேலைக்கு, நான்கு த்ரெட்களை ஒரே சமயத்தில் இறக்கினால், நான்கும் சேர்ந்து 25 மில்லிவினாடியில் மொத்தப் பங்கையும் குடித்துவிடும். மீதி 75 மில்லிவினாடிக்கு மடை அடைப்பு. ஒரு டிக்குக்கு இருப்பதே 50 மில்லிவினாடி. சராசரிப் பயன்பாட்டைக் காட்டும் வரைபடத்தில் சிபியு நாற்பது, ஐம்பது சதவீதம் என்று நிம்மதியாகத் தெரியும். உள்ளே விளையாட்டு விக்கிக்கொண்டிருக்கும். கன்டெய்னரின் சிபியு கணக்குக் கோப்பில் எத்தனை முறை இப்படி அடைக்கப்பட்டது என்ற எண்ணிக்கை இருக்கிறது. அது வேகமாக ஏறிக்கொண்டிருந்தால் வரம்பைத் தளர்த்துவதுதான் மருந்து.

பெரிய ஏற்பாடுகளில்

பல கணினிகளில் கன்டெய்னர்களை மேய்க்கும் குபர்னெட்டிஸ் என்ற மென்பொருள் இந்தக் கேள்வியை மூன்றாகப் பிரிக்கிறது: கிளம்பி முடிந்ததா, ஆட்களை அனுப்பலாமா, கொன்று திரும்பக் கிளப்ப வேண்டுமா. இப்படிப் பிரித்ததே பெரிய தெளிவு. ஆனால் அதன் சோதனைகளில், டிசிபியைப் போல இணைப்பு ஏற்படுத்தாமலே தகவலை அனுப்பும் யுடிபி முறை கிடையாது. மைன்கிராஃப்ட் பெட்ராக் பதிப்பு யுடிபி 19132-இல் ஓடுகிறது. வேகமான சுடுதல் விளையாட்டுகள் பெரும்பாலும் யுடிபிதான். யுடிபியில் கைகுலுக்கலே இல்லை என்பதால், போர்ட் திறந்திருக்கிறதா என்று வெளியிலிருந்து உறுதியாகச் சொல்லவும் முடியாது. கூகுளும் யுபிசாஃப்டும் சேர்ந்து 2018-இல் வெளியிட்ட, குபர்னெட்டிஸில் கேம் சர்வர்களை நடத்தும் அகோனஸ் இதைத் தலைகீழாக்கியது. வெளியிலிருந்து கேட்பதற்குப் பதிலாக, விளையாட்டு நிரலே இடைவிடாமல் ‘நலம்’ என்று சொல்லிக்கொண்டிருக்க வேண்டும். பேச்சு நின்றால் நலமில்லை. அந்த வரியை டிக் சுழலுக்குள்ளேயே எழுதிவிட்டால், உறைந்த உலகத்தால் நலம் என்று சொல்லவே முடியாது.

ஐந்தாவது இடம்: வீட்டுக்கு வெளியே

டெல்டாவில் வீட்டில் சர்வர் நடத்துபவருக்கு மற்ற நான்கைவிட இதுதான் அடிக்கடி உதைக்கும். மாதாந்திரப் பராமரிப்புக்காக மின்சாரம் நிறுத்துகிறார்கள். கணினிக்கு இன்வெர்ட்டர் இருக்கிறது. மோடத்தை யாரோ வேறு பிளக்கில் செருகியிருக்கிறார்கள். கன்டெய்னர் உள்ளே ஹெல்தியாகவே இருக்கும், ஆனால் வெளியிலிருந்து ஒருவராலும் நுழைய முடியாது. வடகிழக்குப் பருவமழையில் இன்னும் மோசம். 2018 நவம்பர் 16 அதிகாலை வேதாரண்யம் அருகே கஜா புயல் கரையைக் கடந்தபின் பல கிராமங்களில் மின்சாரம் திரும்ப வாரக்கணக்கில் ஆனது. அந்த மாதிரி நாளில் எந்த ஹெல்த் செக்கும் எதையும் தெரிவிக்காது. செய்தி அனுப்ப வேண்டிய கணினியே இருட்டில் கிடக்கிறது.

மின்சாரம் இருக்கும்போதும் ஒரு சிக்கல் உண்டு. பல இணையச் சேவைகள் ஒரே பொது முகவரியைப் பல வீடுகளுக்குப் பகிர்ந்து கொடுக்கின்றன. நேற்றுவரை தனி முகவரி இருந்த வீட்டுக்கு மோடம் மாற்றியபின் பகிர்வு முகவரி வந்துவிட்டால், உள்ளே எல்லாம் சரியாக இருந்தும் வெளியார் வரும் வழி மூடிவிடும்.

இதற்கு இரண்டு ஏற்பாடுகள் வேண்டும்.

1. வெளிக்கண். வீட்டுக்கு வெளியே இருக்கும் ஒரு கணினி, நிமிடத்துக்கு ஒருமுறை சர்வர் பட்டியல் கேள்வியை அனுப்பிப் பதில் வந்ததா, எத்தனை மில்லிவினாடியில் வந்தது என்று குறித்துவைக்க வேண்டும். எம்சி-மானிட்டர் போன்ற சிறு கருவி இதைச் செய்யும். வரைபடமாகப் பார்க்க விரும்பினால் ப்ரோமிதியஸும் கிராஃபானாவும் இருக்கின்றன. ஏழு பேர் விளையாடும் சர்வருக்கு ஒரு உரைக்கோப்பே போதும்.

2. துடிப்பு. வீட்டுக் கணினி ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை வெளிக்கணினிக்கு ‘இருக்கிறேன்’ என்று அனுப்ப வேண்டும். அனுப்புவதற்கு முன் ஆர்கான் வழியே ‘லிஸ்ட்’ கட்டளைக்குப் பதில் வந்ததா என்று பார்த்துவிட்டு அனுப்பினால், ஒரே துடிப்பில் மின்சாரம், இணையம், டிக் மூன்றும் அடங்கிவிடும். துடிப்பு மூன்று தடவை தொடர்ந்து வராதபோது எச்சரிக்கை எழுப்புவது வெளிக்கணினியின் வேலை.

எச்சரிக்கை டெலிகிராம் குழுவுக்கே போகலாம். துடிப்பு நின்று வெளிக்கண்ணும் குருடானால் மின்சாரமோ இணையமோ போய்விட்டது, இல்லையென்றால் சர்வர் நிரலே நின்றுவிட்டது; மன்னார்குடிக்கு ஒரு போன் அடித்தால் தெரிந்துவிடும். வெளிக்கண்ணுக்குப் பதில் வந்துகொண்டிருந்து துடிப்பு மட்டும் நின்றிருந்தால், சனிக்கிழமை இரவு பார்த்த அதே உறைநிலை. துடிப்பு வந்துகொண்டிருக்க, வெளிக்கண் மட்டும் குருடானால் முகவரி மாறியிருக்கிறது அல்லது மோடத்தில் போர்ட் வழி அடைபட்டிருக்கிறது. வெளிக்கண்ணுக்கென்று காசு கொடுத்து வாடகைக் கணினி எடுக்க வேண்டும் என்பதும் இல்லை. சென்னையில் வேலை பார்க்கும் அந்தத் தோழரின் அறையில் எப்போதும் ஓடிக்கொண்டிருக்கும் ராஸ்ப்பெரி பை என்ற சிறு கணினி ஒன்று இருந்தால், அதுவே இரண்டையும் பார்த்துக்கொள்ளும்.